ஊரார் பணம், ஒருவர் மைதானம்

வாசகர் கேள்வி – பதில்

தனியார் விளையாட்டு அணிகளுக்கு அமெரிக்க நகரங்கள் வரிப்பணத்தில் மைதானம் கட்டித் தருவதைப் பற்றிச் சென்ற இதழில் போகிறபோக்கில் நான்கு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இந்த வாரப் பக்கத்தை நிரப்பிவிட்டன.

கேள்வி: இந்தியாவில் பிறந்த ஒருவர் கலிஃபோர்னியாவில் மேயராகி, பேஸ்பால் மைதானத்தை விற்ற விவகாரத்தில் சிறைத் தண்டனை பெற்றதாகப் படித்தேன். தண்டனை இரண்டே மாதமாமே! இத்தனை பெரிய ஊழலுக்கு இவ்வளவுதானா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நீங்கள் குறிப்பிடுபவர் அனாஹைம் நகரத்தின் முன்னாள் மேயர் ஹாரி சித்து. டிஸ்னிலேண்ட் இருக்கும் ஊர் என்றால் பலருக்கும் விளங்கும். ஏஞ்சல்ஸ் அணி ஆடும் அரங்கம் அங்கே 1966-இல் திறக்கப்பட்டது. அரங்கமும் அதைச் சூழ்ந்த ஏறக்குறைய 150 ஏக்கர் நிலமும் நகராட்சிக்குச் சொந்தம். நிலத்தில் பெரும்பகுதி கார் நிறுத்துமிடம்தான் என்றாலும், அந்த வட்டாரத்தில் ஒரே துண்டாக அவ்வளவு இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. இதை அணி உரிமையாளரின் நிறுவனத்துக்கு விற்க 2019 டிசம்பரில் நகர்மன்றம் ஒப்புதல் அளித்தது. விலை ஏறக்குறைய 32 கோடி டாலர் என்று ஊருக்குச் சொல்லப்பட்டது. மலிவு விலை வீடுகளும் ஒரு பூங்காவும் அமைத்துத் தருவதாகச் சொல்லிப் பின்னர் கழித்துக்கொண்ட தொகை போக, நகராட்சியின் கைக்கு ரொக்கமாக வரவிருந்தது 15 கோடி டாலர்.

2022 மே மாதம் எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவரின் பிரமாண வாக்குமூலம் வெளியானது. பேரத்தில் நகராட்சியின் பக்கம் உட்கார வேண்டிய மேயரே, நகராட்சியின் ரகசியத் தகவல்களை அணியின் தரப்புக்குத் தெரிவித்தார் என்றும், அதற்குக் கைமாறாகத் தம் தேர்தல் செலவுக்கு 10 லட்சம் டாலர் கிடைக்கும் என்று எதிர்பார்த்தார் என்றும் அதில் கூறப்பட்டிருந்தது. சில நாட்களுக்குள் அவர் பதவி விலகினார். நகர்மன்றம் விற்பனையை ரத்து செய்தது. அணியின் மீது குற்றச்சாட்டு எதுவும் பதிவாகவில்லை.

இனி தண்டனைக்கு வருவோம். 2023-இல் சித்து நான்கு குற்றங்களை ஒப்புக்கொண்டார். மைதான பேரம் தொடர்பான மின்னஞ்சல்களை அழித்து விசாரணையைத் தடுத்தது ஒன்று, மத்திய அரசு அதிகாரிகளிடம் பொய் சொன்ன குற்றங்கள் இரண்டு, மிஞ்சியது ஒரு ஹெலிகாப்டர். 2020-இல் 2,05,000 டாலருக்கு அதை வாங்கியவர், அரிசோனா முகவரி ஒன்றைக் காட்டிப் பதிவு செய்து, கலிஃபோர்னியாவில் கட்டியிருக்க வேண்டிய 15,887 டாலர் வரிக்குப் பதிலாக அரிசோனாவில் 1,025 டாலரைக் கட்டிவிட்டு வந்தார். 2025 மார்ச்சில் வழங்கப்பட்ட இரண்டு மாதச் சிறை இவற்றுக்காகத்தான். ஊர் நிலத்தை எந்த விலைக்குப் பேசினார்கள் என்பது அந்தக் குற்றப்பட்டியலில் இல்லை. மின்னஞ்சலை அழிக்காமல், பொய் சொல்லாமல், நன்கொடையையும் எதிர்பார்க்காமல் இதே விலைக்கு இதே நிலத்தை விற்றிருந்தால் எஃப்.பி.ஐ. அந்த ஊர்ப் பக்கமே எட்டிப் பார்த்திருக்காது என்பது என் எண்ணம்.

கேள்வி: என் மகள் சின்சினாட்டியில் இருக்கிறாள். கடையில் எது வாங்கினாலும் மைதானத்துக்கும் சேர்த்து வரி கட்டுகிறோம் என்கிறாள். தனியார் அணிக்காக மக்களிடம் வரி வசூலிப்பதா? மக்கள் எப்படிச் சம்மதித்தார்கள்?
— வாசகி, மயிலாப்பூர்

பதில்: வாக்களித்தே சம்மதித்தார்கள் அம்மா. சின்சினாட்டி அமைந்திருக்கும் ஹாமில்டன் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) 1996 மார்ச்சில் வாக்கெடுப்பு நடந்தது. ஒரு டாலருக்கு அரை சென்ட் கூடுதல் விற்பனை வரி, அதிலிருந்து அமெரிக்கக் கால்பந்துக்கு ஒன்றும் பேஸ்பாலுக்கு ஒன்றுமாக இரண்டு புதிய அரங்கங்கள், வீடு வைத்திருப்பவர்களுக்குச் சொத்து வரியில் தள்ளுபடி என்று மூன்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி நீட்டினார்கள். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், அதே ஒஹையோ மாநிலத்தின் கிளீவ்லாண்ட் அணியை அதன் உரிமையாளர் பால்ட்டிமோருக்குக் கொண்டுபோவதாக அறிவித்திருந்தார். அணி ஊரைவிட்டுப் போய்விடும் என்ற அச்சம் எவ்வளவு வேலை செய்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அமெரிக்கக் கால்பந்து லீகில் 32 அணிகள், பேஸ்பால் லீகில் 30 அணிகள் மட்டுமே. அணிக்காக ஏங்கும் ஊர்கள் எப்போதும் அதைவிட அதிகமாக இருக்கும்படி லீகுகள் பார்த்துக்கொள்கின்றன. காலி நாற்காலி குறைவாக இருந்தால்தானே ஆட்டம் நடக்கும்?

வரிக்கு மக்கள் வாக்களித்தார்கள். மறு ஆண்டு கையெழுத்தான அரங்கக் குத்தகைக்கு யாரும் அவர்களிடம் வாக்குக் கேட்கவில்லை. ஊரின் கால்பந்து அணியான பெங்கால்ஸுடன் கவுண்டி செய்துகொண்ட அந்த ஒப்பந்தத்தின்படி, மற்ற அரங்கங்களில் புதிய வசதிகள் வரும்போது இங்கேயும் அவற்றைக் கவுண்டி தன் செலவில் செய்து தர வேண்டியிருந்தது. அந்த வசதிகளின் பட்டியலில், ஆட்டத்தை ஹோலோகிராம் உருவமாக மீண்டும் ஓட்டிக் காட்டும் கருவியும் இருந்தது. அப்படி ஒரு கருவி அன்று உலகத்தில் எந்த அரங்கத்திலும் இல்லை. இல்லாத பொருளுக்கும் முன்கூட்டியே கடன்பட்டு எழுதிக்கொடுத்த ஆவணம் அது.

விற்பனை வரியின் வரவு எதிர்பார்த்தபடி வளரவில்லை. செலவோ மதிப்பீட்டைத் தாண்டிப் போனது. பற்றாக்குறையைச் சமாளிக்கக் கவுண்டி தனக்குச் சொந்தமான மருத்துவமனையை 2011-இல் விற்றது. திட்டத்தை முன்நின்று நடத்திய கவுண்டி ஆணையர் பாப் பெடிங்ஹவுஸை 2000-ஆம் ஆண்டுத் தேர்தலில் மக்கள் தோற்கடித்தார்கள். பின்னர் அவர் பெங்கால்ஸ் அணியிலேயே வேலைக்குச் சேர்ந்தார். இதில் சட்டவிரோதம் எதுவும் கிடையாது.

கேள்வி: குறை சொல்வது எளிது. மைதானம் வந்தால் ஓட்டல், வேலைவாய்ப்பு, வியாபாரம் எல்லாம் பெருகும் அல்லவா? போட்ட பணம் திரும்பிவிடாதா?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: திரும்புவதில்லை என்பதில் பொருளாதார அறிஞர்களிடம் வியக்கத்தக்க ஒற்றுமை இருக்கிறது. அவர்கள் ஒன்றுபடும் விஷயங்கள் மிகக் குறைவு என்பதால் இதைக் குறிப்பிட்டுச் சொல்கிறேன். 2017-இல் சிகாகோ பல்கலைக்கழகம் முன்னணிப் பொருளாதார நிபுணர்களிடம் கேட்டபோது, வரி கட்டுவோருக்கு ஆகும் செலவு ஊருக்குக் கிடைக்கும் பலனைவிட அதிகமாகவே இருக்கக்கூடும் என்று ஐந்தில் நான்கு பேருக்கு மேல் ஒப்புக்கொண்டார்கள். காரணம் எளியது. மாதம் 100 டாலரைப் பொழுதுபோக்குக்கு ஒதுக்கும் குடும்பம், மைதானம் வந்ததும் 200 டாலர் ஒதுக்குவதில்லை. பக்கத்துத் தெருச் சினிமா அரங்குக்கும் உணவகத்துக்கும் போயிருக்க வேண்டிய பணம் மைதான வாசலுக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். கால்பந்து அணி ஒன்று ஒரு பருவத்தில் சொந்த ஊரில் ஆடும் லீக் ஆட்டங்கள் எட்டு அல்லது ஒன்பது. மீதி நாளெல்லாம் அந்த வட்டாரம் கார் இல்லாத கார் நிறுத்துமிடமாகக் கிடக்கும்.

இதில் பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை ஒன்றும் உண்டு. நகரங்கள் வெளியிடும் கடன் பத்திரங்களின் வட்டிக்கு அமெரிக்காவில் மத்திய வருமான வரி இல்லை. தனியார் மைதானங்களுக்கு இந்தச் சலுகை போகக் கூடாது என்று நினைத்த நாடாளுமன்றம், மைதான வருமானத்திலிருந்து பத்து சதவீதத்துக்கு மேல் கடன் அடைக்கப்பட்டால் சலுகை இல்லை என்று 1986-இல் சட்டத்தை இறுக்கியது. நகரங்கள் பின்வாங்கும் என்று எதிர்பார்த்தார்கள். நகரங்களோ அணியிடம் வாடகை வாங்குவதைக் குறைத்துக்கொண்டு, ஓட்டல் வரியிலும் விற்பனை வரியிலும் கடனை அடைக்கத் தொடங்கின. 2000-க்குப் பிறகு இந்த வழியில் மத்திய அரசு இழந்த வரி 370 கோடி டாலர் என்று புரூக்கிங்ஸ் ஆய்வு நிறுவனம் 2016-இல் கணக்கிட்டது. மைதானத்தைக் கண்ணாலேயே பார்க்காத அமெரிக்கரும் அதற்குப் பணம் கட்டியிருக்கிறார் என்பதே இதன் பொருள்.

ஊர்ப் பெருமை என்று ஒன்று இருக்கிறது, அதற்கும் மதிப்பு உண்டு என்பதை மறுக்கவில்லை. பெருமைக்காகச் செலவிடுகிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டுச் செலவிட்டால் எனக்கும் சண்டை இல்லை.

கேள்வி: மக்கள் கொதித்தெழுந்தால் இது நிற்காதா? அங்கே பதவியில் இருப்பவரைத் திரும்ப அழைக்கும் உரிமை உண்டு என்கிறார்களே?
— வாசகர், புதுச்சேரி

பதில்: உண்டு, பயன்படுத்தியும் பார்த்தார்கள். மயாமி-டேடு கவுண்டியின் மேயர் கார்லோஸ் ஆல்வரெஸ், மார்லின்ஸ் பேஸ்பால் அணிக்குப் புதிய அரங்கம் கட்டும் திட்டத்தை 2009-இல் முன்னின்று நிறைவேற்றினார். 60 கோடி டாலருக்கு மேல் ஆன செலவில் ஏறக்குறைய முக்கால் பங்கு அரசுப் பணம். நாடே பொருளாதாரச் சரிவில் தவித்த ஆண்டு அது. தங்களிடம் பணமில்லை என்று சொல்லிவந்த அணி உண்மையில் லாபத்தில் இருந்தது என்பதைக் காட்டும் கணக்கு ஆவணங்கள் 2010-இல் கசிந்தன. அதே காலத்தில் மேயர் சொத்து வரி விகிதத்தையும் உயர்த்தினார். 2011 மார்ச்சில் நடந்த திரும்ப அழைக்கும் வாக்கெடுப்பில், வாக்களித்தவர்களில் 88 சதவீதம் பேர் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். மைதானத் திட்டத்தை எதிர்த்து வாக்களித்திருந்த கார்லோஸ் ஹிமெனெஸ் அடுத்த மேயரானார்.

ஆனால் மைதானத்துக்காக வெளியிட்ட கடன் பத்திரங்கள் வீட்டுக்குப் போகவில்லை. அவற்றில் ஒரு தொகுதியை மட்டும் பாருங்கள். அன்று வாங்கிய கடன் 9.1 கோடி டாலர். தொடக்க ஆண்டுகளில் எதுவும் கட்ட வேண்டாம் என்ற வசதியோடு எழுதப்பட்டதால், 2048-க்குள் வட்டியும் முதலுமாகக் கட்டி முடிக்க வேண்டியது ஏறக்குறைய 120 கோடி டாலர். வாக்கெடுப்பு நடந்த நாளில் பிறந்த குழந்தைக்கு அப்போது 37 வயது ஆகியிருக்கும்.

அணியை விற்றால் லாபத்தில் கவுண்டிக்கும் பங்கு உண்டு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தார்கள். 15.8 கோடி டாலருக்கு வாங்கிய அணியை உரிமையாளர் ஜெஃப்ரி லோரியா 2017-இல் 120 கோடி டாலருக்கு விற்றார். கடன், வரி, கட்டணம் என்று ஒவ்வொன்றாகக் கழித்து, கணக்குப்படி தமக்கு 14.1 கோடி டாலர் நஷ்டம், ஆகவே பங்கு தர ஒன்றுமில்லை என்றது அவர் தரப்பு. கவுண்டி வழக்குப் போட்டு 2021-இல் சமரசமாகப் பெற்றது 42 லட்சம் டாலர். ஊரான் வீட்டு நெய்யே என்ற பழமொழியை அங்கே எப்படிச் சொல்வார்களோ!

இந்த விவகாரத்தில் யாரும் சிறை செல்லவில்லை. அனாஹைமில் ஒருவர் சிறைத் தண்டனை பெற்றார், நிலம் தப்பியது. மயாமியில் எல்லாம் முறைப்படி நடந்தது, பணம் போயிற்று. லஞ்சம் வாங்கியவர் யார் என்று தேடும் ஆர்வத்தில் பாதியையாவது, கையெழுத்துக்கு முன்பே ஒப்பந்தத்தின் பின்பக்கங்களைப் படிப்பதில் நகர்மன்ற உறுப்பினர்கள் காட்டியிருந்தால் மக்கள் கொதிக்க வேண்டிய தேவையே வந்திருக்காது.

கேள்வி: முடியாது என்று மறுத்த ஊர் ஒன்றாவது உண்டா?
— வாசகர், மட்டக்களப்பு

பதில்: உண்டு. சியாட்டிலில் 2006 நவம்பரில் மக்களே ஒரு தீர்மானத்தை வாக்குக்குக் கொண்டுவந்தார்கள். விளையாட்டு அணிக்கு நகராட்சி பணம் போட்டால், மத்திய அரசின் கடன் பத்திரம் தரும் வட்டி அளவுக்காவது அதில் வரவு இருக்க வேண்டும் என்றது அது. நான்கில் மூன்று பேர் ஆதரித்தார்கள். 2008-இல் சூப்பர்சானிக்ஸ் கூடைப்பந்து அணி, 41 ஆண்டுகள் ஆடிய ஊரை விட்டு ஓக்லஹோமா சிட்டிக்குப் போய்விட்டது. குத்தகையை முறித்துக்கொண்டதற்காக நகராட்சி 4.5 கோடி டாலர் வாங்கிக்கொண்டது. அணி விட்டுச்சென்ற பழைய அரங்கம், நகராட்சிக்குச் சொந்தமாகவே இருக்க, 1962 உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய அதன் கூரையை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டு, 100 கோடி டாலருக்கு மேலான தனியார் பணத்தில் உள்ளே முழுவதும் புதிதாகக் கட்டப்பட்டு, 2021-இல் ஐஸ் ஹாக்கி அணியோடு திறக்கப்பட்டது. கூடைப்பந்து அணி மட்டும் இன்னும் திரும்பவில்லை. அதன் பச்சை மஞ்சள் சட்டையை அந்த ஊரில் இன்றும் போட்டுக்கொண்டு திரிகிறார்கள்.