பழைய தென்னையை வெட்டினால் கொக்கோ தாங்குமா?

கேள்வி: எங்கள் தோப்பில் தென்னைக்கு வயது 55 ஆகிவிட்டது. காய்ப்பு பாதிக்கும் கீழே போய்விட்டது. ஊடே நிற்கும் 12 வயதுக் கொக்கோ நன்றாகக் காய்க்கிறது. தென்னையை மொத்தமாக வெட்டிவிட்டுப் புதுக் கன்று வைக்கலாமா?

பதில்: மொத்தமாக வேண்டவே வேண்டாம். நான் அப்படிச் செய்து பட்டவன். ஒரு கோடையில் இரண்டு வரிசைத் தென்னையை ஒன்றாகச் சாய்த்தேன். மூன்றே வாரத்தில் கொக்கோ இலைகள் ஓரம் கருகிச் சருகாகிவிட்டன. பாதி நிழலில் வளர்ந்த மரம், திடீரென்று முழு வெயிலை எப்படித் தாங்கும்?

முதலில் மரத்துக்கு மரம் நம்பர் எழுதி, ஒவ்வொரு வெட்டிலும் காயை எண்ணிக் குறித்து வாருங்கள். ஆண்டுக்கு 20 காய்கூடத் தராதவை, கொண்டை சிறுத்துத் தண்டின் நுனி ஒடுங்கியவை முதலில் போகட்டும். வயதை மட்டும் பார்த்து வெட்டாதீர்கள். என் தோப்பில் 60 வயதிலும் கொத்துக் கொத்தாகக் காய்க்கிற மரங்கள் நிற்கின்றன; அவற்றின் நெற்றில்தான் நாற்றே போட்டேன்.

வெட்டும் முன்பே கன்றை வைத்துவிடுங்கள். எங்கே வைப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 25 அடி இடைவெளித் தோப்பில் நான்கு மரத்துக்கு நடுவே வைத்தால் அது கொக்கோ வரிசையில் போய் விழும். தென்னை வரிசையிலேயே, இரண்டு பழைய மரங்களுக்கு நடுவில் 3 அடிக் குழி எடுங்கள். ஓராண்டு வயது, ஆறு இலைக்குக் குறையாத, கழுத்துப் பருத்த கன்றாக இருக்கட்டும். கன்றின் பக்கம் நீளும் கொக்கோ கிளைகளைக் கவாத்து செய்து வானத்தைத் திறந்துவிடுங்கள். நிழலில் நின்றால் தென்னம்பிள்ளை வெளிறி, நெடுநெடுவென்று போய்விடும். அப்புறம் மூன்று, நான்கு ஆண்டுகளில் பழைய மரங்களைப் படிப்படியாக எடுக்கலாம்.

மரத்தை அப்படியே சாய்க்காமல், கொண்டையை முதலில் இறக்கித் தண்டைத் துண்டு துண்டாகக் கயிறு கட்டி இறக்கச் சொல்லுங்கள். கூலி கூடும், கொக்கோ தப்பும். துண்டுகளைத் தோப்பில் மக்க விட்டால் காண்டாமிருக வண்டு அதில் பெருகி இளங்கன்றின் குருத்தைக் குடையும். தூரையும் தோண்டி எடுத்துவிடுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கொக்கோவில் கருங்காய் அழுகலை உண்டாக்கும் பைட்டோப்தோரா என்ற பூஞ்சை போன்ற நுண்ணுயிர்தான் தென்னையில் குருத்தழுகலையும் கொண்டுவருகிறது. கறுத்த காய்களை அன்றன்றே பறித்துத் தோப்புக்கு வெளியே கொண்டுபோய்ப் புதையுங்கள். மழைக்காலத்தில் கன்றின் நடுக்குருத்தை வாரம் ஒருமுறை மெல்ல இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் அழுகல் தொடங்கிவிட்டது. அழுகிய பகுதியைச் சுத்தமாகச் சீவி, அன்றே போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பசை) தடவிவிடுங்கள்.