யூரின் ரிப்போர்ட்டில் ‘ஹயலின் காஸ்ட்’: சிறுநீரகம் கரைகிறதா?

கேள்வி: எனக்கு வயது 38. கம்பத்திலிருந்து தினமும் ஜீப்பில் கேரள மலையில் உள்ள வண்டன்மேட்டுக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறேன். இந்த ஒரு வருஷத்தில் மூன்று தடவை நீர்க்கடுப்பு வந்துவிட்டது. போன வாரம் வேலை முடிந்த கையோடு மேலேயே ஒரு லேபில் யூரின் கொடுத்தேன். ‘புரோட்டீன் டிரேஸ், பஸ் செல் (சீழ் அணு) 2-4, ஹயலின் காஸ்ட் 2-3’ என்று ரிப்போர்ட் வந்தது. கிரியேட்டினின் 0.8. கூட வேலை பார்க்கும் அக்கா, ‘கிட்னி கரைந்து வருது’ என்கிறார். ராத்திரி தூக்கமில்லை. இதை நிறுத்த மாத்திரை உண்டா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கம்பம்)

பதில்: சகோதரி, உங்கள் சிறுநீரகம் கரையவில்லை. ரத்தத்தில் கழிவு எவ்வளவு தங்குகிறது என்று காட்டும் கிரியேட்டினின் 0.8 என்பது நல்ல அளவு. பயமுறுத்திய அந்த ‘ஹயலின் காஸ்ட்’, உங்களைக் காப்பதற்காகச் சிறுநீரகமே சுரக்கும் ஒரு புரதத்தின் அச்சு.

அதன் பெயர் யூரோமாடுலின். 1950-இல் நியூயார்க்கில் இகோர் டேம், ஃபிராங்க் ஹார்ஸ்ஃபால் என்ற இருவர் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்ததால் டேம்-ஹார்ஸ்ஃபால் புரதம் என்றும் சொல்வார்கள். நோயில்லாதவர் சிறுநீரில் மிக அதிகமாக இருக்கும் புரதம் இதுதான். நாளைக்குச் சுமார் 50 முதல் 100 மில்லிகிராம் வெளியேறும். ரத்தத்திலிருந்து ஒழுகி வருவதில்லை. சிறுநீரகத்தின் நுண்குழாய்களில், ஹென்லே வளைவின் தடித்த ஏறுபகுதியில் இருக்கும் செல்களே இதைச் செய்து உள்ளே விடுகின்றன.

விட்டதும் ஒன்றோடொன்று கோத்து நீண்ட இழைகளாகும். நீர்க்கடுப்புக்குப் பெரும்பாலும் காரணம் ஈ.கோலை என்ற பாக்டீரியா. அது தன் நுண்ணிய மயிர்களின் நுனியால் சிறுநீர்ப்பைச் சுவரில் உள்ள மேனோஸ் என்ற சர்க்கரையைப் பற்றிக்கொண்டுதான் குடியேறும். யூரோமாடுலின் இழையிலும் அதே சர்க்கரை தொங்குகிறது. கிருமி ஏமாந்து இழையைப் பிடிக்கும். இழைகள் அதைச் சுற்றிக்கொள்ளும். அதற்குப் பிறகு ஒன்று பாக்கி: நீங்கள் சிறுநீர் கழித்து அதை வெளியே தள்ள வேண்டும். இந்தப் புரதமே இல்லாத எலிகளுக்குச் சிறுநீர்த் தொற்று எளிதில் வந்ததைச் சோதனைகள் காட்டின. கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் ஒட்டித் திரண்டு கல்லாவதையும் இது தடுக்கிறது.

சரி, காஸ்ட் எப்படி வருகிறது? புட்டுக்குழலை நினைத்துக்கொள்ளுங்கள். சிறுநீர் கெட்டியாகி, புளிப்புத்தன்மை ஏறி, ஓட்டம் மந்தமானால் இந்தப் புரதம் நுண்குழாய்க்குள்ளேயே உறைந்து குழாயின் வடிவத்தை எடுக்கும். வெறும் புரதம் என்றால் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும், அதுதான் ஹயலின். புட்டில் தேங்காய்ப்பூ மாட்டுவதுபோல, அந்த நேரத்தில் குழாயில் என்ன இருந்ததோ அதுவும் உள்ளே மாட்டிக்கொள்ளும். சிவப்பணு மாட்டியிருந்தால் சிறுநீரக வடிகட்டியில் அழற்சி. வெள்ளையணு மாட்டியிருந்தால் தொற்று சிறுநீரகம் வரை போயிருக்கலாம். பழுப்புத் துகள்கள் நிறைந்திருந்தால் குழாய்ச் செல்களே சிதைகின்றன. ரிப்போர்ட்டில் ‘ஆர்பிசி காஸ்ட்’, ‘டபிள்யூபிசி காஸ்ட்’, ‘கிரானுலர் காஸ்ட்’, ‘வாக்ஸி காஸ்ட்’ என்று இருந்தால் தாமதிக்காமல் சிறுநீரக மருத்துவரிடம் போக வேண்டும். ஹயலின் இரண்டு மூன்று என்பது, தண்ணீர் குடிக்காமல் பகல் முழுக்கக் காய் எடுத்த யாருக்கும் வரும்.

‘புரோட்டீன் டிரேஸ்’, அதாவது லேசாகப் புரதம் என்பது வேறு கணக்கு. குச்சிப் பரிசோதனை முக்கியமாக ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தைத்தான் காட்டும், யூரோமாடுலினைக் காட்டாது. கெட்டியான சிறுநீர், கடும் உழைப்பு, தொற்று இவற்றாலும் டிரேஸ் வரும். அதனால் மறுபடி பாருங்கள்: வேலையில்லாத நாளில், மாதவிலக்கு இல்லாதபோது, காலை முதல் சிறுநீர். கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டு நடுவில் வருவதைப் பிடித்து, ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேர்க்க வேண்டும். வைத்திருந்தால் காஸ்ட் கரைந்துவிடும், கிருமி பெருகிவிடும். சிறுநீர் ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதத்தைக் கேட்டு வாங்குங்கள். ஒரு கிராமுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் கவலை வேண்டாம். அதற்கு மேல் என்றால் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் இன்னும் இரண்டு தடவை பார்த்த பிறகே முடிவு. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கூடவே பாருங்கள்.

இந்தப் புரதத்தைக் கூட்டவோ குறைக்கவோ மாத்திரை கிடையாது, குறைக்கவும் கூடாது. கிருமியை ஏமாற்றும் அதே சர்க்கரை என்று டி-மேனோஸ் பொடி விற்கிறார்கள். 2024-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், அடிக்கடி தொற்று வரும் பெண்களுக்கு அது பலன் தரவில்லை. தண்ணீர் பலன் தருகிறது. 2018-இல் வெளியான ஆய்வில், குறைவாகத் தண்ணீர் குடிக்கும் 140 பெண்களில் பாதிப் பேர் தினம் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தார்கள். ஓராண்டில் அவர்களுக்குத் தொற்று சராசரி 1.7 தடவை; குடிக்காதவர்களுக்கு 3.2.

மலைக் குளிரில் தாகம் தெரியாது. ஜீப் ஏறும் முன் ஒரு சொம்பு, தோட்டத்தில் ஒரு லிட்டர் பாட்டில், வீடு திரும்பியதும் மீதி என்று இரண்டரை லிட்டர் வரை போகட்டும். மேலே கொடுக்கும் சீரக வெள்ளமும் (சீரகத் தண்ணீர்) கணக்கில் சேரும். மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கழித்துவிடுங்கள். கழிப்பறை இல்லை என்பதால்தானே பெண்கள் தண்ணீரையே தவிர்க்கிறீர்கள்? தோட்டங்களில் கழிப்பறை வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. நான்கு பேராகச் சேர்ந்து கங்காணியிடம் கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை.

உடம்புவலிக்கு டைக்ளோஃபினாக் போடும் பழக்கம் இருந்தால் விடுங்கள்; நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். அடுத்த முறை கடுப்பு வந்தால், மீந்த மாத்திரையை விழுங்காமல் எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் யூரின் கல்ச்சர் கொடுத்துவிட்டு மருந்தைத் தொடங்குங்கள்.

இந்தப் புரதமே நோயாகும் குடும்பங்களும் உண்டு, அபூர்வமாக. மரபணுப் பிழையால் புரதம் சரியாக மடியாமல் செல்லுக்குள்ளேயே தேங்கிவிடும். இளவயதில் யூரிக் ஆசிட் ஏறி மூட்டு வீங்குவதும், சிறுநீர் சுத்தமாக இருக்கும்போதே கிரியேட்டினின் ஏறுவதும், அப்பா, அத்தை என்று தலைமுறையாய் டயாலிசிஸுக்குப் போவதும் அதன் அடையாளங்கள். உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவுக்குப் பின்னால் வலி, வாந்தி, சிறுநீரில் ரத்தம் இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைய வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.