கோயில் தெருப் பூக்கடையைக் காலி செய்யச் சொன்னால்...

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பாடலீஸ்வரர் கோயில் பக்கம் அம்மா பல வருஷமாகத் தரைக்கடை போட்டுப் பூ விற்கிறார். தெருவை அகலப்படுத்தப் போவதாகவும் ஊருக்கு வெளியே இடம் தருவதாகவும் சொல்லி, அடுத்த வாரமே காலி செய்யச் சொல்கிறார்கள். கையில் ஒரு காகிதமும் தரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: வாய்வார்த்தையை நம்பி இடத்தை விட்டுவிடாதீர்கள். 2014-ஆம் ஆண்டு தெரு வியாபாரிகள் சட்டப்படி, இடம் மாற்ற 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். தெரு வியாபாரத்துக்கென அமைக்கப்படும் நகர விற்பனைக் குழுவின் பரிந்துரையும் வேண்டும். அந்தக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுத்தவர்கள் இருக்க வேண்டும்; உங்கள் தரப்பில் யார் இருக்கிறார்கள் என்று மாநகராட்சியில் கேளுங்கள். தெரு வியாபாரிகள் கணக்கெடுப்பு முடிந்து எல்லாருக்கும் விற்பனைச் சான்றிதழ் தரும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. கணக்கெடுப்பில் அம்மா பெயர் விடுபட்டிருந்தால் முதல் மனு அதற்குத்தான்.

அப்புறம், இன்றைக்கே ஒரு நோட்டு வாங்குங்கள். இடம் மாற்றினால் பழைய வருமானமாவது திரும்பக் கிடைக்க வேண்டும் என்கிறது சட்டத்தின் இரண்டாம் அட்டவணை. பழைய வருமானம் எவ்வளவு? அது எந்த அலுவலகக் கோப்பிலும் இருக்காது, அம்மாவின் மனக்கணக்கில்தான் இருக்கும். எத்தனை முழம் போனது, என்ன விலை, ராத்திரி எவ்வளவு மிஞ்சியது என்று தினமும் எழுதுங்கள். வெள்ளிக்கிழமையும் பிரதோஷமும் கட்டாயம் அதில் வர வேண்டும். அதே நேரத்தில் புது இடத்தில் நின்று, நடந்து போகிறவர்களை எண்ணுங்கள். பூவைத் தேடி யாரும் ஊருக்கு வெளியே போக மாட்டார்கள். சாமி கும்பிடப் போகிற வழியில்தான் வாங்குவார்கள். வரைபடத்தில் ஆறடிக்கு ஆறடி கட்டம் போட்டுக் கொடுப்பது சுலபம், வாங்குகிற கூட்டத்தை அங்கே கொண்டுபோக முடியாது. விடியற்காலை பூ எடுத்து வர ஆகும் ஆட்டோ கூலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நகரத் திட்டங்களில் ஏழைப் பெண்களின் நஷ்டம் பெரும்பாலும் இப்படிச் சின்னச் சின்னச் செலவாக வருவதால்தான் யார் கண்ணிலும் படுவதில்லை. எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு.

அந்தக் கடைவரிசை 50 வருஷத்துக்கு மேல் நடக்கிறதா என்றும் பெரியவர்களிடம் விசாரியுங்கள். பழைய தரைவாடகை ரசீது, திருவிழாப் படம் எதுவானாலும் சரி. அப்படிப்பட்ட சந்தையைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும், அங்கிருப்பவர்களை இடம் மாற்றக் கூடாது என்பது சட்டம்.

ஒருவேளை பூவைப் பறிமுதல் செய்தால், பட்டியல் எழுதிக் கையெழுத்துடன் கேட்டு வாங்குங்கள். அழுகும் சரக்கு என்பதால், கேட்ட அன்றே விடுவித்தாக வேண்டும்.

மனுவை அம்மா தனியாகக் கொடுக்க வேண்டாம். வரிசையில் இருக்கும் எல்லாரும் கையெழுத்துப் போட்டு ஆணையரிடமும், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள்.