ஃபெசன்ட் என்பது கோழியா, மயிலா? அது என்ன தின்னும்?

இரண்டுக்குமே சொந்தம்தான். கோழி, மயில், காடை, கௌதாரி, வான்கோழி எல்லாம் அடங்கிய ஃபேசியானிடே குடும்பத்தில்தான் ஃபெசன்ட்டுகளும் இருக்கின்றன. ஆனால் 'ஃபெசன்ட்' என்பதை ஒரே வம்சம் என்று எடுத்துக்கொண்டால் குழப்பம்தான். மினுமினுக்கிற, வால் நீண்ட சேவல். மண்ணிறத்தில் வால் குட்டையான பெட்டை. இந்தத் தோற்றத்தை வைத்துச் சேர்த்த கூட்டம் அது. மரபணுவை ஒப்பிட்டபோது அந்தக் கூட்டம் கலைந்துவிட்டது. பொன் ஃபெசன்ட்டும் வெள்ளி ஃபெசன்ட்டும் வான்கோழி இருக்கிற கிளையில் போய் நிற்கின்றன. ஆர்கஸ் ஃபெசன்ட் மயிலுக்கு நெருக்கம். நம் கோழியின் மூதாதையான காட்டுக்கோழியோ கௌதாரியின் பக்கம்.

பெரும்பாலோர் படத்தில் பார்ப்பது சாதாரண ஃபெசன்ட், ஃபேசியானஸ் கோல்கிகஸ். 1758இல் லின்னேயஸ் வைத்த பெயர். கருங்கடலுக்குக் கிழக்கே ஓடும் ஃபாசிஸ் ஆறும் (இன்றைய ஜார்ஜியாவின் ரியோனி) கோல்கிஸ் நாடும்தான் அந்தப் பெயருக்குள் இருக்கின்றன. சேவலுக்குத் தலை கரும்பச்சை, கண்ணைச் சுற்றிச் சிவந்த வெறுந்தோல், காலில் முள், குறுக்குப் பட்டை போட்ட நீண்ட வால். கழுத்தில் வெள்ளை வளையம் சில துணையினங்களுக்கு உண்டு, சிலவற்றுக்கு இல்லை. வளையம் இல்லை என்பதற்காக வேறு இனம் என்று முடிவு கட்ட வேண்டாம். எடை சேவல் ஒன்றேகால் கிலோவுக்கு முன்னே பின்னே, பெட்டை ஒரு கிலோவுக்குள். பெட்டை தரையில் குழி பறித்துப் பத்துப் பன்னிரண்டு முட்டை இடும். 23 முதல் 26 நாளில் பொரியும்.

ஆபத்து என்றால் முதலில் ஓடும், புதரில் பதுங்கும். வேறு வழியே இல்லை என்றால்தான் காலடியிலிருந்து படபடவென்று செங்குத்தாக எழும்பும். நெஞ்சுத் தசை வெளுத்த தசை. ஒரு வீச்சுக்கு அபார பலம், சீக்கிரம் களைத்துவிடும். அதனால் கொஞ்ச தூரம் பறந்ததும் இறங்கிவிடும்.

தீனி வயதைப் பொறுத்தது. வளர்ந்தவை தானியம், களை விதை, பழம், தளிர், கிழங்கு, பூச்சி, புழு என்று கிடைத்ததைத் தின்னும். விழுங்கியதைத் தீனிப்பையில் சேர்த்துவைத்து, அரைவைப்பையில் பொடிக்கல்லோடு சேர்த்து அரைக்கும். இமயமலை ஃபெசன்ட்டான மோனல் வளைந்த அலகையே மண்வெட்டியாக்கிக் கிழங்கு தோண்டும். குஞ்சுகளின் கதை வேறு: முதல் சில வாரம் எறும்பு, வண்டு, புழுதான் பிரதானம். அந்தப் புரதம் இல்லாவிட்டால் இறகு ஒழுங்காக முளைக்காது. பூச்சிமருந்து அடித்த வயலில் தானியம் குவிந்து கிடந்தும் குஞ்சுகள் தேறாமல் போவது இதனால்தான்.

வளர்ப்பிலும் சறுக்குவது இங்கேதான். சாதாரணக் கோழிக்குஞ்சுத் தீவனத்தில் புரதம் 20 சதவீதம் அளவில்தான் இருக்கும். ஃபெசன்ட் குஞ்சுக்கு முதல் ஐந்தாறு வாரம் 28 சதவீதம் வேண்டும், அதுவும் பொடிக்குருணையாக. குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கும் புரூடரில் முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைக்கலாம். மூலைகளை அட்டை வைத்து வளைத்துவிடுங்கள். குளிருக்கு மூலையில் குவிந்து, அடியில் மாட்டியவை மூச்சுமுட்டிச் சாகும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடாவிட்டால் மூழ்கிவிடும், அவ்வளவு சின்னது.

நெருக்கமோ சூடோ வெளிச்சமோ அதிகமானால் ஒன்றையொன்று கொத்தத் தொடங்கும். வாலடியில் ஒரு சொட்டு ரத்தம் தெரிந்தால் போதும், மொத்தக் கூட்டமும் அதையே குறிவைக்கும். காயம்பட்டதை உடனே பிரித்துவிடுங்கள். மருந்து தடவி அங்கேயே விடுவது வீண்வேலை.

குஞ்சு கழுத்தை நீட்டி வாயைப் பிளந்து இருமினால் சளி என்று நினைக்காதீர்கள். மூச்சுக்குழாய்ப் புழுவாக இருக்கலாம். மண்புழு, நத்தை வழியாக வரும். கால்நடை மருத்துவர் தரும் புழுநீக்க மருந்துக்குக் கேட்கும். ஆனால் அடுத்த ஆண்டும் அதே மண்ணில் குஞ்சு விட்டால் திரும்ப வரும்.

கடைசியாக ஒன்று. பொன் ஃபெசன்ட் சேவலுக்கு முழு நிறம் இரண்டாம் ஆண்டில்தான் ஏறும். மங்கலாக இருக்கும் இளம்பறவையைப் பெட்டை என்று நம்பி ஜோடி சேர்த்தால், முட்டைக்குப் பதில் சண்டைதான் கிடைக்கும்.