தோட்டத்தை அடமானம் வைக்காதீர்கள், புள்ளியியல் படிக்க விடுங்கள்

பெருந்துறைப் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு பி.எஸ்சி. புள்ளியியல்தான் வேண்டும் என்கிறாள். பெரியப்பாவும் மாமாவும் விடவில்லை. "செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல் என்று பி.டெக். வந்திருக்கிறது, நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்துவிடுங்கள்" என்கிறார்கள். அதற்குத் தோட்டத்தை வைத்துக் கடன் வாங்க வேண்டும். கணவர் திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர்.

அம்மா, உங்களுக்கு ஆறுதல் சொல்வதைவிட ஒன்றைத் தடுப்பது அவசரம். தோட்டப் பத்திரத்தில் கை வைக்காதீர்கள். யோசனை சொல்லும் உறவினர் யாரும் வட்டி கட்ட வரமாட்டார்கள். அந்தப் படிப்பு மோசம் என்று நான் சொல்லவில்லை. மகளே விரும்பி, கலந்தாய்வில் நம்மால் கட்டக்கூடிய கட்டணத்தில் இடம் கிடைத்தால் அது வேறு கதை. இங்கே இரண்டும் இல்லையே!

உங்கள் கடிதத்தில் குறைபோல ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "லீவில்கூட அவள் அப்பாவின் ஜிஎஸ்எம் நோட்டை வைத்துக் கணக்குப் போடுகிறாள்." எனக்கு அந்த ஒரு வரி போதும்.

ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு. அதைப் பார்ப்பதை உங்கள் கணவர் தினமும் செய்கிறார். வட்டக் கட்டரால் நூறு சதுர சென்டிமீட்டர் துணியை வெட்டித் தராசில் வைப்பார்கள். 1.8 கிராம் என்றால் 180 ஜிஎஸ்எம். அந்த எண் நோட்டில் ஏறியதும் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதே எண்களை எடுத்த வரிசையிலேயே வரைபடத்தாளில் புள்ளி வைத்து, நடுவில் சராசரிக் கோடு, மேலும் கீழும் எல்லைக் கோடுகள் போட்டால், எந்த மெஷின் மெல்ல விலகிப்போகிறது என்பது ஆர்டர் திரும்பி வருவதற்கு முன்பே தெரியும். வால்டர் ஷுஹார்ட் என்ற புள்ளியியலாளர் அமெரிக்காவில் 1924-இல் வகுத்த 'கட்டுப்பாட்டு வரைபடம்' என்ற முறை இது. எல்லைக் கோடு எங்கே வர வேண்டும், எத்தனை துண்டு எடுத்தால் போதும் என்பதையெல்லாம் புள்ளியியல் வகுப்பில்தான் முறையாகக் கற்றுத்தருவார்கள்.

கருவிக்கும் செலவில்லை. எக்செல் போன்ற லிப்ரே ஆபீஸ் கால்க் இலவசம். நியூசிலாந்தில் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் பிறந்த 'ஆர்' என்ற புள்ளியியல் மென்பொருளும் இலவசம். அதில் இந்தக் கட்டுப்பாட்டு வரைபடத்துக்கென்றே க்யூசிசி என்ற தொகுப்பு இருக்கிறது. வீட்டில் இருக்கும் பழைய லேப்டாப்பே போதும். மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்களும், ஐஐடி ஆசிரியர்கள் பாடம் நடத்தும் என்பிடெல் வீடியோக்களும் காசில்லாமல் கிடைக்கின்றன. காசு கொடுத்துக் கணினி மையத்தில் சேர்க்கும் முன் இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மென்பொருளைவிடப் பெரிது பழக்கம். ஒரு வரிசையில் ஓர் அளவீடு மட்டும்; தேதி, மெஷின் எண், எடை தனித்தனி நெடுவரிசையில் (காலத்தில் அல்ல, 'காலம்' எனப்படும் column-இல்); எண்ணோடு "கிராம்" என்று சேர்த்து எழுதக் கூடாது; மூலக் கோப்பில் கை வைக்காமல் நகலில்தான் வேலை. இதை இன்றைக்கே தொடங்கலாம். மஞ்சள் விலையில் ஆர்வம் இருந்தால், மத்திய அரசின் அக்மார்க்நெட் தளத்தில் சந்தை நிலவரம் இலவசமாகவே கிடைக்கிறது.

வேலை? தரக்கட்டுப்பாடு, வங்கி, ஆய்வு நிறுவனங்கள் இருக்கின்றன. மாமாவிடம் இதையும் சொல்லுங்கள்: யூபிஎஸ்சி நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வுக்குப் பட்டப்படிப்பில் புள்ளியியல் ஒரு பாடமாக இருந்தால் போதும், 21 வயதிலிருந்து எழுதலாம்.

அரசுக் கலைக் கல்லூரி விண்ணப்பத்தில் புள்ளியியலையே முதல் விருப்பமாகப் போடுங்கள். அவள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கும் விண்ணப்பிக்கலாம். சேருவதற்கு முன் அவளையும் கூட்டிக்கொண்டு துறைக்கு ஒருமுறை போய், செய்முறை வகுப்பில் 'ஆர்' கற்றுத்தருகிறார்களா என்று அவளையே கேட்கச் சொல்லுங்கள்.