வெள்ளை மண் பள்ளத்தை விட்டுப் பெயர்வது ஏன்?

சிவப்பு மண் ஓட்டில் சிங்க அச்சைக் குத்தி, அந்தப் பள்ளத்தில் வெள்ளை மண்ணை அடைத்தால் காய்ந்ததும் பெயர்கிறது என்று கேட்டிருந்தீர்கள். அதற்காக அச்சை மாற்ற வேண்டாம். ஓடு நன்றாக இறுகிய பிறகு ஈர வெள்ளை மண்ணை அடைத்திருப்பீர்கள். அதனால்தான் காயும்போது ஓரத்தில் மயிரிழை விரிசல் விட்டு, சிங்க உருவம் அப்படியே கழன்று வருகிறது. சிவப்பு மண் ஏற்கெனவே சுருங்கிவிட்டது, வெள்ளை இனிமேல்தான் சுருங்கும்.

நகத்தால் அழுத்தினால் தடம் விழ வேண்டும், விரலில் மண் ஒட்டக் கூடாது. அந்தப் பதத்திலேயே அச்சுக் குத்தி, உடனே அடையுங்கள்.

அப்படியும் பெயர்ந்தால் இரண்டு மண்ணிலும் பட்டை தட்டி, 10 செ.மீ. கோடு கீறி, காய்ந்ததும் அளந்து பாருங்கள். வெள்ளைக் கோடு கூடுதலாகக் குறுகியிருந்தால், அதே மண்ணைச் சுட்டு இடித்துச் சலித்த தூளைக் கொஞ்சம் கலக்கலாம். மேலே மிஞ்சும் வெள்ளையை அன்றே வழிக்காதீர்கள். மறுநாள் சுரண்டினால் உருவத்தின் விளிம்பு கத்தி போல நிற்கும். எனக்குப் பிடித்த வேலையே அதுதான்.

லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தில் 1250களில் தரையில் பதித்த ஓடுகளின் தேன் மஞ்சள் வேண்டும் என்கிறீர்கள். அது ஈய மெருகு, அதாவது சுடும்போது உருகிக் கண்ணாடி போலப் படியும் ஈயப் பூச்சு, தந்த நிறம். ஈயம் நஞ்சு, வீட்டில் தொடவே வேண்டாம். ஈயமில்லாத தெளிவான மெருகில் துளி இரும்பு ஆக்சைடு சேர்த்தால் ஓரளவு கிட்டே வரும், அச்சு அசலாக வராது.