தங்கைக்கு முதல் பிரசவம், தாய்வீட்டில் இருக்கிறாள். பிரசவத்தின்போதும் பிறகும் என்ன கவனிக்க வேண்டும்?

கேட்டவர் மன்னார்குடிப் பக்கம். தங்கைக்கு வளைகாப்பு முடித்து அழைத்து வந்திருக்கிறார்கள், ஐப்பசியில் நாள் சொல்லியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் சிஸ்டர்கள் என்ன செய்வார்கள், வீட்டுக்கு வந்தபின் நாங்கள் எதைப் பார்க்கணும், தண்ணீர் அதிகம் கொடுக்கக் கூடாது என்று அப்பாயி சொல்வது சரியா என்று கேட்டிருக்கிறார்.

நான் திருவாரூர் மாவட்டத்தில் பிரசவ வார்டு நர்ஸ். தண்ணீர்க் கேள்விக்கு முதலில் வருகிறேன். எனக்குப் பயம் அதிகம் அதில்தான்.

தண்ணீரைக் குறைக்கவே கூடாது. பச்சை உடம்பு, தண்ணி குடித்தால் வயிறு தொங்கிடும், ஜன்னி வந்துடும் என்று எங்கள் பக்கத்தில் இன்னும் பல வீடுகளில் சொல்கிறார்கள். பிள்ளை பெற்ற உடம்பில் ரத்தம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் உறையும். ரத்தப்போக்கு நிற்பதற்காக உடம்பே செய்துகொள்ளும் ஏற்பாடு அது. அந்த நேரத்தில் தண்ணீரும் இல்லாமல் உடம்பு வற்றினால், மூளையிலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுவரும் குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாகி அடைத்துக்கொள்ளலாம். விடாத தலைவலி, வாந்தி, வலிப்பு, ஒரு பக்கம் கைகால் விளங்காமல் போவது எல்லாம் அதனால் வரும். ஜன்னிக்குப் பயந்து தண்ணீரை நிறுத்துகிற வீட்டில், நிறுத்தியதாலேயே வலிப்பு வரலாம்.

அப்பாயியிடம் சண்டை வேண்டாம். சீரகமோ சுக்கோ தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்து, வெதுவெதுப்பாகக் கொடுங்கள், அவர்களும் ஒத்துக்கொள்வார்கள். பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு டம்ளர் இருக்கட்டும். பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை குடிக்கும், அம்மாவுக்கும் அத்தனை டம்ளர் உள்ளே போய்விடும். பூண்டுக் குழம்பு, பால் சுறாப் புட்டு எல்லாம் அருமையான சாப்பாடு, தாராளமாகக் கொடுங்கள். கீரையும் முட்டையும் பழமும் கூடாது என்கிற பத்தியம் மட்டும் வேண்டாம்.

சரி, வார்டுக்கு வருவோம். வலி எடுத்து வந்ததும் பிரஷர், நாடி பார்ப்போம், குழந்தையின் இதயத் துடிப்பை அரை மணிக்கு ஒரு தடவை கேட்போம். நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருந்தால் நிம்மதி. அவள் நடக்கலாம், கஞ்சித் தண்ணி, இளநீர் குடிக்கலாம். கர்ப்பப்பை வாய் முழுதாகத் திறக்கும் முன்னால் முக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். துணைக்கு இருப்பவர் தைரியமான ஆளாக, இடுப்பைத் தேய்த்துவிட்டுப் பேசிக்கொண்டிருப்பவராக இருந்தால் அதுவே பாதி மருந்து.

குழந்தை பிறந்தபின் வரும் முதல் இரண்டு மணி நேரத்தைத்தான் நான் மிக முக்கியம் என்பேன். எல்லாரும் ஆணா பெண்ணா, யார் சாயல், எவ்வளவு எடை என்று குழந்தையைச் சுற்றி நிற்பார்கள். அந்த நேரத்தில் ஆபத்து அம்மாவுக்கு. பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தொடையில் 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி போடுவோம், கர்ப்பப்பை சுருங்குவதற்கு. நஞ்சுக்கொடி வந்தபின் கர்ப்பப்பை கிரிக்கெட் பந்து மாதிரி கெட்டியாக இருக்க வேண்டும். தளர்ந்து கிடந்தால் ரத்தம் கொட்டும். 500 மில்லி தாண்டினாலே அபாயக் கணக்கு. அதனால்தான் கால் மணிக்கு ஒரு தடவை வந்து வயிற்றை அழுத்திப் பார்க்கிறோம், துணியை விலக்கிப் பார்க்கிறோம். "பாவம், தூங்கட்டும் சிஸ்டர், விடுங்க" என்று உறவினர்கள் தடுப்பதுண்டு. தயவுசெய்து தடுக்காதீர்கள். நீங்கள் செய்யக்கூடியது இரண்டு. ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்க உதவுங்கள். குழந்தை சப்பும்போது கர்ப்பப்பையும் சுருங்கும். சேனை தொட்டு வைப்பது, சர்க்கரைத் தண்ணி எதுவும் வேண்டாம். அப்புறம் அவளைச் சிறுநீர் கழிக்கச் சொல்லுங்கள். மூத்திரப்பை நிறைந்திருந்தால் கர்ப்பப்பை இறுகாது.

சுகப்பிரசவம்தானே என்று மறுநாளே கிளம்ப வேண்டாம், 48 மணி நேரமாவது இருங்கள்.

வீட்டில் தீட்டு முதல் மூன்று நான்கு நாள் சிவப்பாக இருக்கும், பிறகு வெளுத்துக்கொண்டே வரும். ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுக்க நனைந்தாலோ, பெரிய கட்டிகளாகப் போனாலோ உடனே 108. நாற்றத்தோடு போக்கு, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சு வாங்குவது, கண் மங்குவது இவற்றுக்கும் காத்திருக்காதீர்கள். கர்ப்பத்தில் பிரஷர் இல்லாதவளுக்குக்கூடப் பிரசவத்துக்குப் பின் பிரஷர் ஏறி வலிப்பு வரலாம். தலைவலி என்றால் தைலம் தடவி விட்டுவிடாமல் பிரஷர் பார்க்கக் கூட்டிப்போங்கள்.

முதல் வாரத்தில் காரணமில்லாமல் அழுவாள், அது சகஜம். இரண்டு வாரம் தாண்டியும் அழுகை, தூக்கமின்மை, குழந்தைமேல் பிடிப்பின்மை இருந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். "பெத்தவ அழக் கூடாது, பால் வத்திடும்" என்று அதட்டினால் அவள் சொல்வதையே நிறுத்திவிடுவாள்.

இப்போதே செய்ய வேண்டியதும் உண்டு. தாய்-சேய் அட்டையை எடுத்து ரத்த அளவு (ஹீமோகுளோபின்) என்ன என்று பாருங்கள். 11-க்குக் கீழே என்றால் ரத்தசோகை. அப்படிப்பட்ட உடம்பு கொஞ்சம் ரத்தப்போக்கைக்கூடத் தாங்காது. இரும்புச்சத்து மாத்திரையைச் சுண்ணாம்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துப் போடாமல் தனி நேரத்தில் கொடுங்கள், காபி டீயோடு வேண்டாம். பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் தொடரணும், வீட்டுக்கு வந்ததும் பலர் நிறுத்திவிடுகிறார்கள்.

ஐப்பசி என்பதால் மழையையும் யோசியுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய பிறகு மரம் விழுந்து எத்தனை ரோடு அடைந்து கிடந்தது என்று உங்களுக்கே தெரியும். உங்கள் தெரு வாய்க்கால் நிரம்பினால் வண்டி வராத இடம் என்றால், வலிக்குக் காத்திருக்காமல் முன்கூட்டியே சேர்த்துக்கொள்ள முடியுமா என்று உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரிடம் இந்த வாரமே பேசிவிடுங்கள்.